பள்ளி ராக் இசை மாலைக்கு ஒரு சுவரொட்டி: இங்க்ஸ்கேப் மென்பொருள் மதிப்புரை

ராக் இசை நிகழ்ச்சிக்கான சுவரொட்டியில் எழுத்துதான் பாதிப் படம். 1966, 1967 ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்குக்காக வெஸ் வில்சன் வரைந்த சுவரொட்டிகளில் குழுக்களின் பெயர்கள் தீ நாக்குகளைப் போல நெளிந்து ஒரு வடிவத்தை நிரப்பி நிற்கும். படிக்கச் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் வழியில் போகிறவரை நிறுத்திவிடும். ஆகவே இத்தகைய வேலைக்கு எந்த மென்பொருள் ஏற்றது என்று பார்ப்பவர், எழுத்தை வளைக்கவும் இழுக்கவும் வெட்டவும் அது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் இங்க்ஸ்கேப் நன்றாகத் தேறுகிறது. அச்சுக்கு வண்ணம் பிரித்துக் கொடுப்பதில் தேறவில்லை. எங்கள் பள்ளியில் மாணவர்கள் குயீன் குழுவின் பாடல்களை வாசித்துப் பாடும் இசை மாலைக்கு, ஓவிய மன்ற மாணவர்களுடன் சேர்ந்து ஏ3 அளவுச் சுவரொட்டி ஒன்றை இதில் தயாரித்ததை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இங்க்ஸ்கேப், 2003ஆம் ஆண்டு சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்து வளர்ந்த கட்டற்ற வரைகலை மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கட்டணம் இல்லை, பயனர் கணக்கும் தேவையில்லை, நிறுவிய பிறகு இணைய இணைப்பும் வேண்டியதில்லை. பள்ளிக் கணினி ஆய்வகத்தின் நிலைமை தெரிந்தவர்களுக்கு இந்தக் கடைசி வசதியின் அருமை தெரியும். கேன்வா போன்ற இணைய சேவைகளில் ஆயத்த வார்ப்புருக்கள் ஏராளமாக உள்ளன. அரை மணி நேரத்தில் பார்க்கத்தக்க ஒரு சுவரொட்டி கிடைத்துவிடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே கிட்டார் நிழலுருவும் அதே கிழிந்த காகித விளிம்பும் பக்கத்துப் பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழிலும் இருக்கும்.

வில்சன் பாணியிலேயே செய்துவிடலாம் என்றுதான் மன்றத்தில் முதலில் பேச்சு எழுந்தது. குயீன் 1970இல் லண்டனில் உருவான குழு என்பதால் சான் பிரான்சிஸ்கோவின் நெளிவுகள் அதற்கு ஒட்டாது என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் வாதிட்டார். அவர் சொன்னதே சரி. எனவே நெளிவை விட்டுவிட்டு, எழுத்தால் ஒரு வடிவத்தை நிரப்பும் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டோம். குழுவின் சின்னத்தைப் போட வேண்டும் என்ற ஆசையும் பலருக்கு இருந்தது. ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை பயின்ற, குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியே, நால்வரின் ராசிகளையும் கொண்டு இரண்டு சிங்கம், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள் என வரைந்த சின்னம் அது. அழகானதுதான், ஆனால் அது இன்னொருவரின் உடைமை. கல்வி நிறுவன நிகழ்ச்சிகளுக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு பாடுவதற்கும் வாசிப்பதற்கும் உரியது. சின்னத்தையும் புகைப்படத்தையும் சுவரொட்டியில் எடுத்துப் போடுவது வேறு விஷயம். இணையத்தில் கிடைக்கும் மெர்குரியின் படத்தை மென்பொருளில் கோட்டோவியமாக மாற்றிவிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. அப்படி ஆகாது.

அதனால் 1986ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் மெர்குரி அணிந்த மஞ்சள் மேலங்கி, அடிப்பகுதி இல்லாத பாதி மைக் தண்டு, உயர்ந்த கை ஆகிய மூன்று அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, முகத்தை முற்றிலும் தவிர்த்தோம். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: கறுப்புப் பின்னணியில் ஒரு முகத்தைப் போட்டு எங்கள் தெருச் சுவரில் ஒட்டினால், பார்க்கிறவர்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்றே எண்ணிக் கடந்து போவார்கள். மெர்குரி மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர் என்பதும், தி ஹெக்டிக்ஸ் என்ற அவருடைய முதல் இசைக்குழுவே அந்தப் பள்ளியில் மாணவர்கள் சேர்ந்து அமைத்தது என்பதும் மாணவர்களுக்குத் தெரிந்தபோது, பள்ளிச் சீருடையில் ஒரு பாடகன் என்ற எண்ணம் தானாக வந்து சேர்ந்தது. வெள்ளைச் சுவரின் முன்னால் ஒரு மாணவரைப் பாதித் தண்டுடன் நிற்க வைத்துக் கைபேசியில் படம் எடுத்தோம்.

அந்தப் படத்தை நிழலுருவாக மாற்ற இங்க்ஸ்கேப்பில் உள்ள டிரேஸ் பிட்மேப் வசதி மிகச் சிறப்பாக உதவியது. பிரைட்னஸ் கட்ஆஃப் அளவைக் கூட்டக் கூட்டச் சட்டையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கறுப்பில் மறைந்து, உருவம் தட்டையான ஒரே வடிவமாகிறது. குறைத்தால் மடிப்புகள் திரும்ப வருகின்றன. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மாணவர்கள் திரையைப் பார்த்தே முடிவு செய்யலாம். ஸ்பெக்கிள்ஸ் என்ற அமைப்பு சிதறிய புள்ளிகளைத் துடைத்துவிடும். ஆனால் விரல்களின் இடுக்கில் தேவையற்ற முனைகள் (கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) குவிந்துவிடுகின்றன. சிம்ப்ளிஃபை கட்டளை அவற்றைக் குறைக்கிறது என்றாலும் விரல் நுனிகளையும் மழுக்கிவிடுகிறது. கையை மட்டும் முனை முனையாகத் திருத்துவதே நல்லது.

தலைப்பு எழுத்துக்கு வருவோம். ‘குயீன் இசை மாலை’ என்ற வரி, உயர்ந்த கையின் வளைவை ஒட்டி மேலேறி அகல வேண்டும். யூனிகோடு தமிழை இங்க்ஸ்கேப் எந்தச் சிக்கலும் இல்லாமல் கோத்துக் காட்டுகிறது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பாலூ தம்பி எழுத்துருவை எடுத்து, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துக் கோட்டு வடிவமாக்கி, கம்பைன் கட்டளையால் ஒன்றாக்கி, பாத் எஃபெக்ட்ஸ் பகுதியில் என்வலப் டிஃபர்மேஷன் (எழுத்தை ஓர் உறைக்குள் வைத்து வளைப்பது) என்பதைச் சேர்த்தால், வரியின் மேல், கீழ், இடம், வலம் என நான்கு விளிம்புகளையும் தனித்தனி வளைகோடுகளாகப் பிடித்து இழுக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்பதால் இந்த உறைக்குள் எளிதாக அடங்கிவிடுகின்றன. தமிழில் ‘யீ’யின் மேற்சுழி உயர்ந்தும் ‘கு’வின் வால் தாழ்ந்தும் நிற்பதால், விளிம்பை இழுக்கும்போது நடு உடல் நசுங்கி, சுழி மட்டும் பெரிதாகிறது. ‘ன்’ மேல் உள்ள புள்ளி நீண்டு கோடாகி, தூரத்திலிருந்து பார்த்தால் காணாமலே போகிறது.

இதற்கு மாணவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. புள்ளியைத் தனியே பிரித்து உறைக்கு வெளியே வைத்துவிட்டு, எழுத்துகளை வளைத்து முடித்த பின் அதை வட்டமாகவே பழைய இடத்தில் வைப்பது. பிரிப்பதற்கு பிரேக் அபார்ட் கட்டளையைப் பயன்படுத்தினால் எழுத்துகளின் உள்வெளிகளும் தனிப் பாகங்களாகி, சுழிகள் அடைபட்டுவிடும். உள்வெளியைக் காப்பாற்றிப் பிரிக்கும் ஸ்ப்ளிட் பாத் கட்டளையே தமிழுக்கு ஏற்றது. கோட்டு வடிவமாக்கிய பின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது என்பதால், தட்டச்சு செய்த மூல வரியை ஒரு மறை அடுக்கில் வைத்திருக்க வேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் எல்லாத் தமிழ் எழுத்தும் கோட்டு வடிவிலேயே இருப்பது பாதுகாப்பு. யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்காத பழைய பதிப்பு மென்பொருள்களில் திறந்தால், ‘சை’யின் ஐகாரக் குறி இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

இனி வண்ணம். திரையில் வண்ணம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிக் கலவை. அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற மைக் கலவை. இங்க்ஸ்கேப் 1.4 வரிசையில் பி.டி.எஃப் கோப்பு ஒளிக் கலவையிலேயே வெளிவருகிறது; மைக் கலவைக்கு மாற்றும் வேலை அச்சகத்தின் தலையில் விழுகிறது. அப்படி மாற்றும்போது மின்னும் ஊதாவும் நீலமும் மங்கிவிடும். கறுப்பு நான்கு மைகளின் கலவையாகி, அதற்குள் வெட்டப்பட்ட சிறிய எழுத்துகளின் ஓரங்களில், ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடு இம்மியளவு விலகினாலும் நிறக் கசிவு தெரியும். அச்சு வேலைக்கென்றே உருவான மென்பொருள்களுடன் ஒப்பிட்டால் இது பெரிய குறைதான். இங்க்ஸ்கேப்பில் சேமித்த எஸ்.வி.ஜி கோப்பை ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளில் இறக்கி, அங்கே மை அளவுகளை நிர்ணயித்து பி.டி.எஃப் எடுக்கலாம். அதைத்தான் செய்தோம்.

இரண்டே வண்ணம் என்று முன்பே தீர்மானித்திருந்தது இங்கே கைகொடுத்தது. தாள் முழுவதும் நூறு சதவீத மஞ்சள். அதன் மேல் நூறு சதவீதக் கறுப்பு. மேலங்கியும் எழுத்துகளும் கறுப்பில் விடப்பட்ட திறப்புகள் மட்டுமே. வடிவம் ஒரு தகட்டில்தான் இருக்கிறது என்பதால் விலகுவதற்கு ஒன்றுமில்லை. மஞ்சளின் மேல் விழும் கறுப்பும் தனியாக அச்சிட்ட கறுப்பைவிட அடர்த்தியாகத் தெரிகிறது. கையிருப்பு குறைவாக உள்ள பள்ளிகள், மஞ்சள் தாளை வாங்கி ஒற்றை வண்ணக் கறுப்பில் அச்சிட்டுக்கொண்டாலும் இதே கோப்பு போதும். நம் ஊர்ச் சுவரொட்டிகள் பல காலமாக அப்படித்தான் அச்சாகி வருகின்றன.

அச்சிட்ட பின் வெட்டி நீக்குவதற்கான வெட்டு விளிம்பைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் ஏ3 சுவரொட்டி 303க்கு 426 மில்லிமீட்டர் ஆகிறது. டிஜிட்டல் அச்சகங்களில் வழக்கமான 12க்கு 18 அங்குலத் தாளின் அகலம் ஏறத்தாழ 305 மில்லிமீட்டர்; எந்திரம் ஓரத்தில் விடும் வெற்றிடத்தைக் கணக்கில் கொண்டால் இது போதாது. 13க்கு 19 அங்குலத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். வெட்டு விளிம்பைப் பக்க அமைப்பிலேயே குறிக்கும் வசதி 1.3 பதிப்பிலிருந்து உள்ளது.

நுழைவுப் பதிவுக்கான கியூஆர் குறியை எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலிலிருந்தே உருவாக்கிக்கொள்ள முடிவது நல்ல வசதி. ஆனால் கறுப்பின் மேல் மஞ்சளாக வைத்தால் சில கைபேசிகள் படிக்க மறுக்கும் என்பதால், மஞ்சள் கட்டம் ஒன்றைத் திறந்து அதற்குள் கறுப்பில் வைப்பதே சரி. மங்கல், நிழல் போன்ற ஃபில்டர்களைச் சேர்த்தால் பழைய கணினிகளில் திரை நகர மறுக்கிறது. நாளைக் காலைக்குள் சுவரொட்டி வேண்டும் என்று முந்தைய நாள் மாலையில் சொல்லும் பள்ளிகள் ஆயத்த வார்ப்புருக்களின் பக்கமே போகலாம். கலைப் பாடவேளைகள் சிலவற்றை ஒதுக்க முடிகிற பள்ளிகள் இங்க்ஸ்கேப்பையும் ஸ்கிரைபஸையும் ஆய்வகத்தில் சேர்த்தே நிறுவிக்கொள்வது நல்லது.