கார்டா, கேட்வே பெட்டியா?

செம்புக்கம்பியில் வரும் சாதாரண டெலிபோன் லைனை ஆஸ்டரிஸ்க் போன்ற ஐபி பிபிஎக்ஸுக்குள் (அலுவலக போன்களை நெட்வொர்க் வழியே இணைக்கும் சாஃப்ட்வேர் எக்ஸ்சேஞ்சுக்குள்) கொண்டுவர இரண்டு வழி உண்டு. ஒன்று, சர்வருக்குள்ளேயே செருகும் அனலாக் கார்டு. இன்னொன்று, ஒரு பக்கம் டெலிபோன் லைனையும் மறுபக்கம் லேன் கேபிளையும் மாட்டும் தனி கேட்வே பெட்டி. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டிப் பக்கம் போனவன் நான். சாய்வோடுதான் எழுதுகிறேன்.

எதை வாங்கினாலும் போர்ட்டைப் பார்த்து வாங்குங்கள். எஃப்எக்ஸ்எஸ் போர்ட் போன் கருவிக்கானது; டயல் டோன், 48 வோல்ட், மணியடிக்கிற மின்சாரம் எல்லாவற்றையும் அதுவே கொடுக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனுக்கு எஃப்எக்ஸ்ஓ. மாற்றிச் செருகினால் போர்ட் கருகவும் வாய்ப்பு உண்டு. டிஜியம் நிறுவனத்தின் டிடிஎம்400பி அனலாக் கார்டில் இதற்காகவே மாட்யூலுக்கு நிறம் கொடுத்திருந்தார்கள்: சிவப்பு எஃப்எக்ஸ்ஓ, பச்சை எஃப்எக்ஸ்எஸ். அப்படியும் கான்ஃபிக் ஃபைலில் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்எஸ் சிக்னலிங் என்றுதான் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் அது.

பேச்சுத் தெளிவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் குரலை டிஜிட்டலாக்குவது ஜி.711 முறைதான், நொடிக்கு 64 கிலோபிட். தாமதம் மட்டும் கார்டில் குறைவு. அது ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எட்டு சாம்பிள்களாகக் குரலை எடுத்துக் கொடுக்கும்; பெட்டி வழக்கமாக 20 மில்லிசெகண்டுக் குரலைச் சேர்த்துத்தான் ஒரு பாக்கெட் அனுப்பும். தாமதம் கூடினால் எதிரொலி உறுத்தும். ஃபேக்ஸ் நிறைய ஓடும் இடத்திலும் கார்டுக்கே என் ஓட்டு. பெட்டியில் டி.38 (ஐபி வழியே ஃபேக்ஸ் அனுப்பும் முறை) இருந்தாலும், மறுமுனையும் அதை ஒழுங்காகப் பேச வேண்டுமே.

இவ்வளவு சொல்லிவிட்டும் பெட்டியையே வைத்திருக்கிறேன் என்றால் காரணம் பராமரிப்புதான். கார்டை ஆஸ்டரிஸ்கோடு இணைக்கும் டாஹ்டி டிரைவர், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. அந்தந்த கர்னலுக்கு ஏற்றபடி தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும். பாதுகாப்பு அப்டேட் போட்டு ரீபூட் செய்கிறீர்கள், கர்னல் மாறுகிறது, டிரைவர் ஏறவில்லை. சர்வர் நன்றாக ஓடும், உள் எக்ஸ்டென்ஷன்கள் பேசும், வெளி லைன் மட்டும் செத்துக் கிடக்கும். இதற்குப் பயந்தே அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் மோசம். டிகேஎம்எஸ் என்ற கருவியைப் போட்டு, கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் தானாகக் கம்பைல் ஆகும்படி செய்யலாம். புதிய கர்னலோடு டிரைவர் ஒத்துப்போகிறவரை அது உதவும். டாஹ்டி 3.0 வந்தபோது பழைய கார்டுகள் சிலவற்றின் டிரைவர்களை எடுத்தே விட்டார்கள். கார்டு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை.

சர்வரை மாற்றும்போது அடுத்த தலைவலி. பழைய பிசிஐ ஸ்லாட் இப்போதைய மதர்போர்டுகளில் அபூர்வம். பிபிஎக்ஸை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோக நினைத்தால் கார்டை நேராக அதன் கையில் கொடுக்கும் பாஸ்த்ரூ செட்டிங் ஒத்துழைக்க வேண்டும். பெட்டிக்கு இந்தக் கவலை கிடையாது. அது எஸ்ஐபி (ஐபி போன் அழைப்புகளுக்கான பொது மொழி) பேசுகிறது, அவ்வளவுதான். பின்னால் இருக்கும் சர்வர் எதுவானாலும் ஐபி முகவரியை மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. லைன் நுழையும் சுவரருகே பெட்டியையும் வேறு அறையில் சர்வரையும் வைக்கலாம். ஒரு எஃப்எக்ஸ்எஸ், ஒரு எஃப்எக்ஸ்ஓ கொண்ட கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813-இல் கரண்ட் போனால் ரிலே ஒன்று போனை நேராக லைனோடு சேர்த்துவிடும். நான்கு லைன் என்றால் அதே நிறுவனத்தின் ஜிஎக்ஸ்டபிள்யூ4104.

ஒரு தொல்லை இரண்டுக்கும் பொது. அழைத்தவர் வைத்துவிட்டார் என்று எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்குத் தெரிய வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டித்தாலோ லைனின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸை) மாற்றித் திருப்பினாலோ சுலபம். இரண்டும் இல்லையென்றால் பிஸி டோனைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கும், டோனோ நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் கலந்து அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். பிரிட்டனில் 400 ஹெர்ட்ஸ், 0.375 நொடி ஒலி, 0.375 நொடி மௌனம். தப்பாகக் கொடுத்தால் அழைப்பு முடிந்தும் லைன் பிஸியாகவே நிற்கும், வாய்ஸ்மெயிலில் வெறும் டோன் பதிவாகிக்கொண்டிருக்கும். பெட்டியில் இதை வெப் பக்கத்தில் எண்களை மாற்றிச் சரிசெய்யலாம்.

நான் கையாண்டது நான்கு லைன் வரைதான். ஒரே இணைப்பில் 30 பேச்சு வரும் ஈ1 பிஆர்ஐ டிஜிட்டல் லைன் அளவுக்குப் போகிறவர்கள் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டிக்கும் ஒரு பராமரிப்பு உண்டு: ஃபர்ம்வேர் வருவது ஒருநாள் நிற்கும். அதை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாமல் ஃபயர்வாலுக்கு உள்ளேயே வையுங்கள், டிஃபால்ட் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். எஸ்ஐபிக்கான 5060 நெட்வொர்க் போர்ட்டைத் தட்டிப் பார்த்து அடுத்தவர் லைனில் வெளிநாட்டுக்குப் பேசுகிற கூட்டம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பில் உங்கள் பெயரில் வரும்.