பழைய கேயன் டர்போவா, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டா? கேமரா நுழையும் இன்ஜினும் நுழையாத இன்ஜினும்

மூன்று வருடத்துக்கு முன் டொராண்டோவில் பழைய வி8 எஸ்யூவி ஒன்று (எட்டு சிலிண்டர்கள் 'வி' வடிவில் அமைந்த இன்ஜின்) தேடினேன். அலசி முடித்தபோது இரண்டு பெயர்கள் மிஞ்சின: 2011–14 போர்ஷே கேயன் டர்போ, 2010–13 ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் சூப்பர்சார்ஜ்டு. வாங்கியது கேயன், 2012 மாடல். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ரேஞ்ச் ரோவர் என் வீட்டு வாசலில் நின்றதில்லை. நாலைந்து வண்டிகளை ஓட்டிப் பார்த்தது, கராஜ்களில் உட்கார்ந்து விசாரித்தது, அவ்வளவுதான் அதில் என் அனுபவம்.

வேகத்தை வைத்து முடிவெடுக்க இதில் ஒன்றுமில்லை. கேயனில் 4.8 லிட்டர் இரட்டை டர்போ, 500 குதிரைத்திறன். ரேஞ்ச் ரோவரில் 5 லிட்டர், 510. சொகுசாக உட்கார்ந்து போக ரேஞ்ச் ரோவர்தான், வளைவுகளில் கேயன். பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 எம் 555 குதிரைத்திறனோடு ஆசை காட்டியது. ஆனால் அதன் இரண்டு டர்போக்களும் இன்ஜினின் 'வி' பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சூட்டில் ரப்பர் குழாய்களும் சீல்களும் வருடக்கணக்காக வெந்துகொண்டிருக்கும் என்பதால் அதைச் சீக்கிரமே விட்டுவிட்டேன்.

இந்த ரக வண்டிகள் பத்து வருடத்தில் ஒரு புது கொரோலா விலைக்கு இறங்கிவிடும். பிரேக் டிஸ்க் மட்டும் புது போர்ஷேவுக்குரிய விலையில்தான் கிடைக்கும். கேயன் டர்போவின் முன் டிஸ்க் 390 மில்லிமீட்டர். அதிலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது செராமிக் பிரேக். தேய்ந்த நிலையில் வாங்கினால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பத்தாயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். சிவப்புக் காலிபர் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வண்டியிலும் உயிரைக் குடிக்கிற நோய் ஒன்று உண்டு. எனக்கு முடிவைச் சொன்னது ஒரே கேள்விதான்: வாங்குவதற்கு முன் அந்த நோயைக் கண்ணால் பார்க்க முடியுமா?

ரேஞ்ச் ரோவரில் அது டைமிங் செயின், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் சங்கிலி. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் முனை, செயின் உரசி ஓடும் கைடின் முதுகில் அழுந்தி அழுந்திக் குழி பறித்துவிடும். குழி ஆழமாக ஆக செயின் தொய்யும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஆயில் அழுத்தம் ஏறும்வரை இரண்டு மூன்று விநாடி கலகலவென்று சத்தம் வரும். கவனிக்காமல் ஓட்டி, செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் புது இன்ஜின்தான். அந்த வருட வண்டிகளுக்கு ஆயில் மாற்றச் சொன்ன இடைவெளி 15,000 மைல், அதாவது 24,000 கிலோமீட்டர். புத்தகத்தில் போட்டபடியே ஓட்டியவர்களின் செயினுக்கு அது நல்லதாக அமையவில்லை. நான் விசாரித்த இரண்டு தனியார் கராஜ்களில் செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் மாற்ற ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் டாலர் சொன்னார்கள், அதற்கு மேல் 13 சதவீத வரி. பிறகு வந்த டென்ஷனர்கள் திருத்தப்பட்டவை. ஒரு தடவை மாற்றியதற்கு ரசீது இருக்கிற வண்டி கிடைத்தால் அது வேறு கதை, தயங்காமல் போய்ப் பாருங்கள்.

பிரச்சினை என்னவென்றால், முன் கவரைக் கழற்றாமல் அந்தக் குழியைப் பார்க்க வழியில்லை. விற்பவர் யாரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். சத்தத்தை மட்டும்தான் நம்ப வேண்டும், சத்தமோ தேய்மானம் முற்றிய பிறகுதான் வரும். அதையும் மறைக்க முடியும். டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். வெளியே மைனஸ் ஒன்பது டிகிரி. பானட்டில் கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. "இப்பதான் கழுவிட்டு வந்தேன்" என்றார் விற்றவர். நாளைக் காலை ஆறிய இன்ஜினை நானே ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன் என்றதும், வேறு ஆள் வருகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கேயனின் உயிர்நோய் சிலிண்டர் கீறல். போர்ஷே வி8 சிலிண்டர் சுவர்கள் அலுமினியம்–சிலிக்கான் கலவை. கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் ஆயில் படலத்தைக் கழுவிவிட, பிஸ்டன் சுவரில் உரசிக் கோடு போடும். இதற்கு முந்தைய தலைமுறையின் டர்போ இல்லாத கேயன் எஸ் வண்டிகளில்தான் இது அதிகம், அதுவும் கனடா மாதிரிக் குளிர்நாடுகளில். டர்போவில் குறைவு என்றாலும் இன்ஜின் குடும்பம் அதேதான். ஆயில் குறையும், டிக் டிக் என்று தட்டும், ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கரி பிடித்திருக்கும். வந்துவிட்டால் இதுவும் புது இன்ஜின் செலவுதான், ரேஞ்ச் ரோவருக்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆனால் இதைப் பார்த்துவிட முடியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் கேமரா விட்டால் போதும். எனக்காகப் பார்த்தவர் ஸ்கார்பரோவில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். எட்டு சிலிண்டரையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். ஆறாவதில் ஒரு கறுப்புக் கோடு. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர் இன்ஜினைக் கையால் சுற்றிப் பிஸ்டனைக் கீழே இறக்கி, கேமராவைத் திருப்பி, ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தார். கோடு மெல்ல இடம் மாறியது. "கீறல் எண்டா அசையாது அண்ணை. இது ஒயில்தான் வழியுது." அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் கேயன் வாங்கினேன். ஒன்டாரியோவில் வண்டி பேர் மாற்றக் கேட்கும் சேஃப்டி சான்றிதழ் இதையெல்லாம் தொடுவதே இல்லை. அது பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு மாதிரிச் சமாச்சாரங்களோடு சரி.

கேயனின் மற்ற வியாதிகள் காசு கேட்கும், உயிரைக் கேட்காது. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரபலமானது: மெதுவாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது வரிப்பள்ளச் சாலையில் போவது மாதிரி ஒரு அதிர்வு. பெட்டியையே மாற்ற நாலைந்தாயிரம் டாலர். உள்ளே ஊற்றும் ஆயிலோ ஒரு லிட்டருக்கும் குறைவு, அதை நேரத்தில் மாற்றினால் பெட்டி நீடிக்கும். நான் வாங்கிய வாரமே மாற்றினேன். பழையது டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் கூலன்ட் குழாய் அடுத்தது. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூட்டில் (ஹவுசிங்) அந்தக் குழாய்களைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வருடங்கள் போகப் பசை விட்டுப்போய்க் குழாய் கழன்றால், மொத்தக் கூலன்ட்டும் ரோட்டில் கொட்டிவிடும். ரேஞ்ச் ரோவரிலும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் விரிசல் விடும். பின்பக்கக் குழாய், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜருக்கு அடியில் இருப்பதால், ஒரு சின்னக் குழாய்க்காக அதைத் தூக்கி வைக்க வேண்டும். கூலிதான் அங்கே செலவு.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் பொது. காற்றுப்பை லேசாகக் கசிந்தால் கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடிக் கருகும். ஆகவே இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

தூரத்தையும் சொல்ல வேண்டும். என் வண்டி இப்போது 1,38,000 கிலோமீட்டர். இரண்டு லட்சம் தாண்டிய கேயனை ஓட்டிய அனுபவம் எனக்கில்லை, அதனால் அந்த வயதில் எது மலிவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்து அந்தத் தெர்மோஸ்டாட் ஹவுசிங். இன்னும் கழலவில்லை, பசை எப்போது விடும் என்று காத்திருக்கவும் போவதில்லை. குழாய் கழலாதபடி உலோக ஊசி (பின்) வைத்து இறுக்க ஒரு முழு நாள் வேலை, சாமானோடு 1,600 டாலர் என்று அதே ஸ்கார்பரோ கராஜில் பேசியிருக்கிறேன். அக்டோபர் கடைசியில், பனி விழுமுன், விடுகிறேன்.