முதல் கைவேலைக் கத்தி: கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கைவேலைக் கத்தி சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் கத்தி கார்பன் ஸ்டீலில் இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் எளிதில் துருப்பிடிக்காது, கார்பன் பிடிக்கும். அது எல்லோரும் அறிந்ததுதான். முடிவை மாற்றுவது தோய்ச்சல், அதாவது அலகைக் காய்ச்சி முக்கி இறுக வைக்கும் வேலை.

1084, 5160 போன்ற கார்பன் வகைகளை 800 டிகிரி சொச்சத்துக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். இரும்பில் காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரியில். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றினால் பதம். நல்ல கொல்லர் கரி உலையையும் ஒரு காந்தத்தையும் வைத்தே இதைச் சரியாகச் செய்துவிடுவார். பிறகு 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை சூடேற்றி ஆறவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் வாய் பொடிப்பொடியாக உதிரும்.

440சி போன்ற ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 1,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூடு ஏறாமல் இறங்காமல் குறித்த நேரம் நிற்கவும் வேண்டும். டிகிரி காட்டும் மின் உலை இல்லாமல் அது நடக்காது. கரி உலையில் அரைகுறையாகக் காய்ச்சிய ஸ்டெயின்லெஸ் கத்தியும் பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஒரு மாதம் நறுக்கிய பிறகுதான் வாய் மடங்குவது தெரியும். அதைத் திரும்பத் தோய்க்க உள்ளூர்ப் பட்டறையில் வழி இல்லை. கார்பனில் தோய்ச்சல் பிசகினாலும், பிடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

வாங்கும் முன் சோதிக்க ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். செய்தவரிடம் அனுமதி கேட்டு, கத்தியின் வாயை 15, 20 டிகிரி சாய்வில் கம்பிமேல் வைத்து லேசாக அழுத்துங்கள். வாய் மெல்ல வளைந்து, எடுத்ததும் நேராகிவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெத்து. சில்லு தெறித்தால் முறுக்கு இறங்கவில்லை, அதாவது தோய்த்த பிறகு அடுப்பில் சூடேற்றியது போதவில்லை. முனையில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கிரைண்டரில் சூடேறி அந்த இடத்தின் பதம் போயிருக்கும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி என்றால் பட்டை பழையதா, புதியதா என்று கேட்டுவிடுங்கள். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

துருவுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கார்பன் கத்தி கெடுவது பெரும்பாலும் உறைக்குள் இருக்கும்போதுதான். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் துவர்ப்பும் அலகைக் கடிக்கும். ஆம்பூர் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ஷூ தோல் பெரும்பாலும் குரோமில் பதனிட்டது, மெல்லியது. உறைக்கு ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போன்றவற்றில் பதனிட்ட 3 மி.மீ. கனத் தோல் கேளுங்கள். வெட்டுவாயைப் பாருங்கள்: உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். எந்தத் தோலானாலும் உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும். வீட்டில் அலகைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சமையலுக்கும் எடுக்கும் கத்தி என்றால் உணவுத் தர மினரல் ஆயில். புளி, எலுமிச்சை பட்டு வரும் சாம்பல் நீலக் கறையைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது துருவைத் தள்ளிப்போடும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு.

இப்படித் துடைத்து எண்ணெய் தடவ நேரமில்லாதவர்களுக்கும், மீன் அரியும் கத்தி வேண்டுபவர்களுக்கும் ஸ்டெயின்லெஸ்தான் சரி. அப்போது எந்த ஸ்டீல், எந்த உலையில் தோய்த்தது, எத்தனை ராக்வெல் (கடினத்தை அளக்கும் எண்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பின்னால் விற்கும்போதும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. உலோகப் பொடியை அழுத்திச் செய்யும் விலையுயர்ந்த பவுடர் ஸ்டீல்களை நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் முதல் கத்திக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

பிடி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மான் கொம்புப் பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதே குற்றம். செம்மரப் பிடி என்றால் மரம் வந்த வழிக்குக் காகிதம் கேளுங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஈட்டி மரமோ புளிய மரமோ போதும். நன்றாகக் காய்ந்த மரமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஈர மரம் வேலூர் சித்திரை வெயிலில் சுருங்கி ஆணியைச் சுற்றி இடைவெளி விடும்.