குதிகாலுக்கு மேல் 'டப்'பென்று கேட்டால் சுளுக்கு என்று நம்பிவிடாதீர்கள்

நாற்பதைத் தாண்டி மறுபடி ஷட்டில் ஆடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். முக்கியமாக, கோர்ட்டை ஒட்டியே பிசியோ சென்டர் வைத்து "எல்லாம் இங்கேயே பாத்துக்கலாம் சார்" என்று சொல்கிற இடங்களில் ஆடுபவர்கள்.

கல்லூரிக்குப் பிறகு மட்டையைத் தொடாதவன் நான். பின்னால் விழுந்த ஷட்டிலை எடுக்கக் காலை ஊன்றியபோது குதிகாலுக்கு மேல் ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது, திரும்பினால் யாருமில்லை.

சென்டரில் இருந்தவர் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு உடையவில்லை என்றதும், "சுளுக்குதான் சார், பாதத்தை அசைக்கிறீங்களே" என்று பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்.

எக்ஸ்ரேயில் தசைநார் அறுந்தது தெரியாது. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கிற அக்கிலீஸ் தசைநார் முழுசாக அறுந்தாலும் பக்கத்துத் தசைகள் பாதத்தைக் கொஞ்சம் அசைக்கும், நொண்டி நடக்கவும் விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் மெஷினே வேண்டாம். குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைக்கால் சதையை அமுக்கினால் நல்ல காலில் பாதம் நீண்டு அசையும். அறுந்த காலில் அசையாது. தாம்சன் சோதனை என்பார்கள். ஒரு நிமிஷ வேலை. அதை அவர் செய்யவே இல்லை.

பதிலுக்கு எண்ணெய் போட்டு நீவினார்கள். படிக்கட்டில் நின்று குதிகாலைத் தொங்கவிடச் சொன்னார்கள். அறுந்த முனைகள் ஒட்ட வேண்டிய நேரத்தில் இழுத்துப் பிரிக்கிற வேலை அது! பில்லில் 'அல்ட்ராசவுண்ட்' என்று இருந்ததால் ஸ்கேனும் ஆகிவிட்டது என்றே வீட்டில் நினைத்தோம். அது ஜெல் தடவித் தேய்க்கிற சிகிச்சைக் கருவி. படம் எதுவும் வராது.

ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காலில் மட்டும் நுனிக்காலில் நிற்க முடியவில்லை. எலும்பு டாக்டர் கெண்டைக்காலை அமுக்கிய உடனே சொல்லிவிட்டார். எம்ஆர்ஐயும் அதையே காட்டியது. ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப் போட்டோ, நேராகத் தைத்தோ முடிந்திருக்கும். முனைகள் சுருங்கி விலகிவிட்டதால், கால் கட்டைவிரலை மடக்கும் தசைநாரை எடுத்து அங்கே பொருத்தினார்கள். கெண்டைக்கால் இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. (பிசியோ தொழில் மேல் எனக்குக் கோபமில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு என்னை நடக்கவைத்தவரும் ஒரு பிசியோதான்.)

மீதி சிட்டிங் பணத்தைக் கேட்டால், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம். 1915 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதனால் பில், எக்ஸ்ரே, வாட்ஸ்அப்பில் வந்த பயிற்சி வீடியோ எதையும் அழிக்காதீர்கள். என் கையில் இருப்பதிலேயே வலுவான ஆதாரம் அவர்கள் அனுப்பிய அந்தப் படிக்கட்டு வீடியோதான்.