லூகாஸ் மார்பு அழுத்தக் கருவி: ஓடும் ஆம்புலன்ஸில் அதன் பயன்

இதயத் துடிப்பு நின்றுபோனவரின் மார்பைச் சீராக அழுத்திக்கொண்டே இருப்பது, பார்ப்பவர்கள் நினைப்பதைவிட மிக விரைவில் ஆளைக் களைப்படையச் செய்துவிடும். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று சி.பி.ஆர். (இதய-நுரையீரல் மீட்பு) நெறிமுறைகள் கூறுவதற்கு அதுவே காரணம். அந்தக் களைப்பு இல்லாத இயந்திரமாக ஆம்புலன்ஸ் சேவைகளுக்கு வந்தது லூகாஸ். முதுகுக்கு அடியில் செருகும் தட்டு, அதன் இருபுறமும் பூட்டிக்கொள்ளும் கால்கள், நடுவே உறிஞ்சு கிண்ணம் பொருத்திய பிஸ்டன் என அமைப்பு எளிமையானது. நிமிடத்துக்கு 102 முறை, பெரும்பாலான பெரியவர்களுக்குச் சுமார் 5.3 செ.மீ. ஆழத்தில் அது அழுத்துகிறது. பேட்டரி ஏறக்குறைய 45 நிமிடங்கள் தாங்கும்.

இந்தச் சீர்மையைக் கண்டு, உயிர் பிழைப்போர் எண்ணிக்கையும் உயரும் என்று பலர் நம்பினோம்; ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 2014-இல் வெளியான லிங்க் ஆய்வில் 2,589 நோயாளிகள் இடம்பெற்றனர். நான்கு மணி நேரத்துக்குப் பின் உயிருடன் இருந்தோர் கருவிப் பிரிவில் 23.6 விழுக்காடு, கையால் அழுத்திய பிரிவில் 23.7 விழுக்காடு. பிரிட்டனில் 4,471 பேரைக் கொண்டு நடந்து, அதற்கு அடுத்த ஆண்டு வெளியான பாராமெடிக் ஆய்விலோ, 30 நாள் கழித்து உயிருடன் இருந்தோர் முறையே 6, 7 விழுக்காட்டினர். ஆனால் இரண்டாவது ஆய்வில் கருவிப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்கு மட்டுமே கருவி உண்மையில் பொருத்தப்பட்டது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். என் பார்வையில் இது அந்த ஆய்வின் குறையன்று. நாளும் பணி நடக்கும் விதத்தையே அது காட்டுகிறது.

கருவியின் பயன் பெரும்பாலும் அதைப் பொருத்தும் சில நொடிகளிலேயே முடிவாகிறது. தட்டைச் செருகும்போது அழுத்துவதில் ஒரு சிறு நிறுத்தம், மேற்பகுதியைப் பூட்டும்போது இன்னொரு நிறுத்தம் என இரண்டையும் பிரித்து, நடுவில் கையால் அழுத்துவதைத் தொடர்ந்தால் இழப்பு குறையும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முயன்றால், இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் இரத்தம் அத்தனை நேரமும் நின்றுவிடும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரின் பட்டைகளை முன்கூட்டியே ஒட்டிவிட்டால், லூகாஸை நிறுத்தாமலேயே மின்னதிர்ச்சி கொடுக்க முடியும். கிண்ணம் கீழே நழுவினால் வயிற்று உறுப்புகள் காயமடையலாம் என்பதால், அதன் இடத்தைத் தோலில் பேனாவால் குறித்து வைப்பதும் கழுத்துப் பட்டையைத் தவறாமல் மாட்டுவதும் அவசியம். படுத்த நிலையில் மார்பின் உயரம் 17 முதல் 30.3 செ.மீ. வரை உள்ளவர்களுக்கே இது பொருந்தும். ஆகவே சிறு குழந்தைகளுக்கு இது இல்லை.

அப்படியானால் ஏன் வாங்க வேண்டும்? ஓடும் வண்டியில் இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு, நின்றபடி மார்பை அழுத்தும் ஊழியரின் உயிரும் ஆபத்தில்தான் இருக்கிறது. அங்கும், குறுகிய படிக்கட்டில் நோயாளியை இறக்கும்போதும், நீண்ட தொலைவுப் பயணத்திலும் கையால் நல்ல தரத்தில் அழுத்த இயலாது. அந்தச் சூழல்களுக்காக இதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். நெறிமுறைகளும் எல்லோருக்கும் வழக்கமாகப் பயன்படுத்தச் சொல்லாமல், இத்தகைய நிலைமைகளுக்கே இதை ஒதுக்குகின்றன. வாங்க எண்ணும் சேவை, கருவியின் விலையோடு தன் குழுக்கள் பயிற்சிப் பொம்மையின் மீது நேரம் குறித்துப் பழகுவதற்கான பணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.