நெவாடா கவுண்டியில் எந்த சார்ட்டர் பள்ளி?

கலிபோர்னியாவில், சியரா மலையடிவாரத்து நெவாடா கவுண்டியில் (மாவட்டத்தில்) உள்ள சார்ட்டர் பள்ளிகளில் யூபா ரிவர், ஃபாரஸ்ட் என்று இரண்டைப் பார்ப்போம். சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடப்பது; இரண்டிலும் கட்டணம் கிடையாது.

1994-இல் தொடங்கிய யூபா ரிவரில் எட்டாம் வகுப்பு வரைதான். வால்டார்ஃப் முறை: கதை, ஓவியம், கைவேலை வழியாகவே பாடம். ஒரே ஆசிரியர் பல ஆண்டுகள் அதே பிள்ளைகளோடு தொடர்வது இம்முறையின் மரபு. சின்ன வயதில் இது பெரிய பலம். ஆனால் மலைச்சாலையில் தினமும் கொண்டுபோய் விட ஆள் வேண்டும்.

ஃபாரஸ்ட்டில் பன்னிரண்டு வரை உண்டு. வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆசிரியர் அவ்வப்போது சந்தித்துப் பாடங்களைத் திட்டமிட்டு, முடித்தவற்றைச் சரிபார்ப்பார். தொலைவில் இருப்பவர்களுக்கு வசதிதான். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சின்னப் பிள்ளை தனித்துப்போகும். அவர்களுக்கு யூபா ரிவரையே சொல்வேன்.