உள்ளாளா, வெளியாளா, இடைக்கால ஆளா: கவுன்சிலின் பராமரிப்புப் பணிப்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

போன வருடம் எங்கள் கவுன்சில் வயது வந்தோர் பராமரிப்புத் துறைக்குப் புதிய பணிப்பாளரைத் தேடியது. லண்டனின் வெளிவட்டத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள இடம். விண்ணப்பித்தவர்களைச் சந்திக்கப் பல குழுக்கள் அமைத்தார்கள். சேவை பெறுகிறவர்களும் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறவர்களும் இருந்த குழுவில் நானும் ஒருத்தி.

அம்மாவுக்கு டிமென்ஷியா. ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. பாதி நாள் யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றடியில்தான் இருக்கிறார். காலையில் வரும் பராமரிப்பாளர் ‘டீ’ வேண்டுமா என்று கேட்டால் அம்மாவுக்குப் பிடிபடாது. ‘தேத்தண்ணி’, ‘போதும்’, ‘நோகுதா’ என்ற மூன்று சொற்களையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாளோடுதான் குழுக் கூட்டத்துக்குப் போனேன். யாருக்கும் காட்டவில்லை, பையில் இருந்தது.

வயது வந்தோர் பராமரிப்புக்குப் பொறுப்பான கவுன்சில்கள் இங்கிலாந்தில் 153. ஒவ்வொன்றிலும் இந்தப் பதவி இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 1970ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரே பணிப்பாளரை வைத்தது. பராமரித்தவர்களின் கொடுமையால் இறந்த சிறுமி விக்டோரியா கிளிம்பியின் மரணமும் அதை விசாரித்த லார்ட் லாமிங்கின் அறிக்கையும் வந்த பிறகு, 2004ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. அப்படிப் பிரிந்து வந்த கதிரைதான் இது. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் பாரம் முழுவதும் இதில் இருப்பவரின் தோளில். யாருக்கு உதவி தேவை என்று மதிப்பிடுவது, வதைக்கு ஆளாகும் முதியவரைக் காப்பது, ஒரு பராமரிப்பு நிறுவனம் இழுத்து மூடினால் அங்கிருந்தவர்களை அன்றைக்கே தாங்கிப் பிடிப்பது எல்லாம் இவர் பொறுப்பு.

இறுதிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் எங்கள் கவுன்சிலிலேயே ஏழு வருடமாக உதவிப் பணிப்பாளர். மற்றவர் வேறொரு கவுன்சிலில் இருந்து, ஆள்தேடும் நிறுவனம் வழியாக வந்தவர். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: “கடைசியாக எப்போது ஒருவருடைய வீட்டுக்குள் போய் உட்கார்ந்தீர்கள்?”

உள்ளாள் யோசிக்கவே இல்லை. போன மாதம், ஒரு சோஷல் வேர்க்கரோடு போயிருக்கிறார். நாளுக்கு நான்கு தடவை பராமரிப்பாளர் வரும் ஒரு பாட்டி வீடு. கெட்டில் எட்டாத உயரத்தில் இருந்ததால் அவர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். நான்கு வருகைக்குக் காசு கட்டுகிறோம், கெட்டிலைக் கீழே இறக்கி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது.

வெளியாள் நேர்மையாக, வீட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். பிறகு சொன்னதுதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. இங்கே வருவதற்கு முந்தின கிழமை எங்கள் கவுன்சிலின் பராமரிப்பு உதவி எண்ணுக்கு ஒரு சாதாரண ஆளாக அழைத்துப் பார்த்திருக்கிறார். 38 நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாராம். எங்கள் குழுவில் அந்த எண்ணோடு மல்லுக்கட்டாதவர் யாரும் இல்லை. ஏழு வருடமாக உள்ளே இருந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை; ஊழியர்களுக்கு உள்ளே வேறு எண் இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளாளா வெளியாளா என்ற வாதத்தின் சாரம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

உள்ளாளைப் போட்டால் முதல் நாளே வேலை ஓடும். எந்த வைத்தியசாலையின் எந்த வார்டில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது இழுபடுகிறது, எந்தப் பராமரிப்பு இல்லம் தடுமாறுகிறது, எந்தக் கவுன்சிலர் எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அணியும் கலையாது. ஆனால் நேற்று வரை கூட இருந்து தேநீர் குடித்தவரின் வேலையை இன்று அவர் கேள்வி கேட்க வேண்டும். தானே கட்டிய முறையில் ஓட்டை இருந்தால் அது அவர் கண்ணில் படுவதும் கஷ்டம். இன்னொன்று, உதவிப் பணிப்பாளர்கள் பெரும்பாலும் தங்கள் பிரிவுக்குள்ளேயே வளர்கிறார்கள். மொத்தத் துறையின் வரவுசெலவைத் தூக்கிக்கொண்டு கவுன்சிலர்கள் முன்னால் நின்று, எதை வெட்டுவது என்று வாதாடிய பழக்கம் அவர்களுக்குக் குறைவு. அது அவர்கள் குற்றமில்லை. அந்த வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

வெளியாளைக் கொண்டுவர நேரமும் காசும் செலவாகும். ஆள்தேடும் நிறுவனத்துக்குக் கட்டணம், விளம்பரம், முன்னாள் பணிப்பாளர் ஒருவரை வைத்துத் தொழில்முறை நேர்முகம், குழுச் சந்திப்புகள், கடைசியில் கவுன்சிலர்கள் அடங்கிய நியமனக் குழு. அது முடிந்தாலும் கடிதம் போவதற்கு முன் கவுன்சில் தலைவருக்கும் கவுன்சிலின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு மேல் பழைய இடத்தில் மூன்று மாத விலகல் அறிவிப்பு. அவர் வந்து உட்காருவதற்குள் அரை வருடம் எளிதாகப் போய்விடும்.

ஆனாலும் சில கவுன்சில்களுக்கு வெளியாள்தான் மருந்து. பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் பராமரிப்புத் தர ஆணையம் (சி.கியூ.சி.) இப்போது கவுன்சில்களையே மதிப்பிடுகிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரை நான்கு தரம். குறைந்த தரம் வாங்கிய இடத்தில், அதே குழுவிலிருந்து ஒருவரை உயர்த்தி “இனி எல்லாம் மாறும்” என்று சொன்னால் ஊழியர்களே நம்ப மாட்டார்கள்.

வெளியாள் என்றால் என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) பக்கத்திலிருந்து வருகிறவரும் உண்டு. இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வைத்தியசாலைகளோடு உறவு சரியில்லாத கவுன்சிலுக்கு அப்படிப்பட்டவர் பெரிய பலம். அந்தப் பக்கத்து மொழி அவருக்குத் தெரியும். ஆனால் அங்கே சிகிச்சை இலவசம். இங்கே 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பராமரிப்புச் செலவைப் பொதுவாக நீங்களேதான் கட்ட வேண்டும். ஒரு குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்து இதை விளக்கிய அனுபவம் என்.எச்.எஸ். மேலாளருக்கு இருக்காது. வரவுசெலவில் துண்டு விழ விடக்கூடாது என்ற சட்டமும், தேர்தலில் நின்று வந்த கவுன்சிலருக்குப் பதில் சொல்லும் வேலையும் அவருக்குப் புதிது. பக்கத்தில் சோஷல் வேர்க்கில் ஊறிய ஒரு துணை இருந்தால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் முதல் வருடம் படிப்பிலேயே போய்விடும்.

சரி, இடைக்காலப் பணிப்பாளர்? எங்கள் கவுன்சிலில் பழையவர் போனதும் நாட்சம்பளத்துக்கு ஒருவர் வந்தார். இரண்டு கிழமைக்குள் வேலையைத் தொடங்கிவிட்டார், கெட்டிக்காரி. யாருக்கும் கடமைப்படாதவர் என்பதால் கசப்பான உண்மைகளை எழுதி வைத்துவிட்டுப் போனார். அது இந்த வழியின் நல்ல பக்கம். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களைப் போன்றவர்களை யாரும் கூப்பிடவில்லை. நான்கு மாதம் என்று சொல்லி வந்தவர் பதினொரு மாதம் இருந்தார். தெருவுக்கு ஒரு பராமரிப்பு நிறுவனம் என்று ஒப்பந்தத்தை மாற்றியமைக்கும் பெரிய முடிவு, “புதிய பணிப்பாளர் வரட்டும்” என்று அந்தப் பதினொரு மாதமும் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் அம்மாவின் வீட்டுக்கு வந்த முகங்களை எண்ணினேன், பத்தொன்பது. ஒவ்வொருவருக்கும் குசினிக் கதவைக் காட்டினேன்.

குழந்தைகள் துறையையும் இதையும் மறுபடி ஒருவரிடமே கொடுக்கும் கவுன்சில்களும் இருக்கின்றன. ஒரு சம்பளம் மிச்சம். குழந்தைகள் பக்கத்தில் ஒரு நெருக்கடி வந்தால் ஒரே ஆளின் கவனம் முழுக்க அங்கே போய்விடும் என்பதால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

என் கணக்கு இதுதான். துறை ஓரளவு நன்றாக நடக்கிற கவுன்சில், பதவி காலியாவதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு உதவிப் பணிப்பாளரை வரவுசெலவுக் கூட்டங்களுக்கும் கவுன்சிலர்கள் முன்னாலும் அனுப்பிப் பழக்கி, அவரையே உயர்த்தட்டும். தரமதிப்பீட்டில் விழுந்த கவுன்சில் வெளியே தேடட்டும், ஆனால் உள்ளிருப்பவரை இழக்காமல் தேடட்டும். இடைக்கால ஆளுக்கு முடிவுத் தேதியை எழுத்தில் போட்டு, நிரந்தர விளம்பரத்தையும் அதே கிழமையில் வெளியிட வேண்டும்.

எங்கள் இடத்தில் வெளியாள்தான் வந்தார். உதவி எண்ணில் காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கெட்டில் கதை சொன்னவர் ஐந்து மாதத்தில் வேறொரு கவுன்சிலுக்குப் பணிப்பாளராகப் போய்விட்டார். ஏழு வருட அறிவு அவரோடு போனது. அவருக்கு என்ன கொடுத்தால் இருப்பார் என்று நியமனக் குழுவில் யாராவது கேட்டார்களா என்று விசாரித்தேன். கேட்கவில்லை.

இனி இந்தத் தேடல் இன்னும் கூடும். 2023இல் கம்ப்ரியா கவுண்டி இரண்டு கவுன்சில்களாகப் பிரிந்தபோது ஒரு கதிரை இரண்டானது. இங்கிலாந்தின் மற்றக் கவுண்டிகளிலும் மறுசீரமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் கவுன்சிலிலிருந்து இப்படியொரு குழுவுக்கு அழைப்பு வந்தால், வேலை நாள் என்று தட்டிக் கழிக்காமல் போங்கள். கடைசியாக எந்த வீட்டுக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். எங்கள் உதவி எண்ணுக்கு அழைத்துப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: தோற்றுப்போகிற உள்ளாளை எப்படி உங்களோடு வைத்திருப்பீர்கள்?